‘சிலோன் 1948’ பலகையைக் கழற்றச் சொல்லுங்கள்: நுவரெலியாவில் ஒரு மொரிஸ் மைனர் படப்பிடிப்புச் சேவை

இலங்கையின் மலைநகரான நுவரெலியாவில் பழைய மொரிஸ் மைனர் கார் ஒன்றை ஓட்டுநரோடு சேர்த்துப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுகிறார்கள். திருமணத்துக்கு முந்திய படங்கள், குடும்பப் படங்கள், கொழும்பிலிருந்து வரும் விளம்பரக்காரர்களின் படங்கள் என்று ஏப்ரல் சீசனில் அந்தக் காருக்கு ஓய்வே கிடைப்பதில்லை என்பதால், நான் பெப்ரவரி மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்துகொண்டேன். நான்கு மணி நேரத்துக்குக் கார், ஓட்டுநர், பெற்றோல் மட்டும் என்றால் 28,000 ரூபா. அவர்களுடைய படப்பிடிப்பாளரும் நாற்பது படங்கள் கொண்ட அல்பமும் வேண்டுமென்றால் 45,000 ரூபா. மலையகத்தின் பழைய மோட்டார்களைத் தேடிப் போய்ப் படம் பிடிப்பது என் நீண்டகாலப் பழக்கமாதலால் என்னிடம் சொந்தக் கமரா உண்டு. ஆயினும் அவர்கள் அந்தக் காரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறியும் ஆவலில் இரண்டாவது வகைக்கே பணம் கட்டினேன். கூடவே, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் அம்மாவையும், வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளைத் தட்டைப் பிடிப்பதற்காக மனைவியின் தம்பியையும் அழைத்துச் சென்றேன்.

கார் அருமை, ஓட்டுநர் அதனினும் அருமை, அவை இரண்டையும் சுற்றி அவர்கள் கட்டியிருக்கும் ஜோடனைதான் சகிக்கவில்லை.

முதலில் காரைச் சொல்கிறேன். 1960இல் பதிவான மொரிஸ் மைனர் 1000, நான்கு கதவு, 948 சீசீ எஞ்சின், நீலம் கலந்த சாம்பல் நிறம். பழைய கார்களை வாடகைக்கு விடுபவர்களில் பலர் அவற்றுக்குப் புதிய பெயின்ற் அடித்து, நிக்கல் பூச்சுப் பூசி, இனிப்புக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பண்டம்போல ஆக்கிவிடுவார்கள். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஓட்டுநர் ஆசனத்தின் ரெக்சின் கிழிந்த இடத்தில் சப்பாத்துத் தைப்பவர் போட்ட தையல் தெரிகிறது. ஸ்டியரிங் வளையத்தில் இரண்டு கைகள் பிடிக்கும் இடங்கள் மட்டும் மழுங்கி மினுங்குகின்றன. கதவுகளுக்கு இடையிலுள்ள தூணிலிருந்து வெளியே எழும்பும் சிக்னல் கைகள் இரண்டும் இன்னும் வேலை செய்கின்றன. 1961இல் மின்னும் விளக்குகள் வந்தபின் மைனரிலிருந்து மறைந்துபோன உறுப்பு அது. இந்தக் காரில் இடப்பக்கத்துக் கை மட்டும் கொஞ்சம் சோம்பேறி. சுவிட்சைத் தள்ளிவிட்டு, ஓட்டுநர் தூணின் உட்புறத்தில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால்தான் அது எழுந்து நிற்கிறது. அந்தத் தட்டையும், தட்டியவுடன் வெளியே நீளும் செம்மஞ்சள் கையையும் நான் பதினொரு முறை எடுத்தேன். நல்லதாக ஒன்று அமைந்தது.

மைனரைப் படம் பிடிக்கப் போகிறவர், எஞ்சினை மூடும் அதன் பொனற்றை முதலில் படிக்க வேண்டும். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் இந்தக் காரை வடிவமைத்து முடித்த வேளையில், அது ஒடுங்கலாக இருக்கிறது என்று அவருக்கே தோன்றியதாம். மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கியபோதுதான் மனம் ஒப்பியிருக்கிறது. அந்த 4 அங்குலம் பொனற்றின் நடுவே தட்டையாக ஓடும் பட்டையாக இன்றும் நிற்கிறது. எதிரே நின்று சாதாரணமாக எடுத்தால் அது கண்ணில் படாது. கமராவை முன்விளக்கின் உயரத்துக்கு இறக்கி, காலைச் சூரியன் பக்கவாட்டில் விழும்படி காரை நிறுத்தினால், அந்தப் பட்டையின் இரு விளிம்புகளிலும் ஒளி கோடாக ஓடும். இந்தக் காரின் முகத்துக்கு ஒரு வெகுளித்தனத்தைக் கொடுப்பது உருண்டை விளக்குகளும் இந்தப் பட்டையுமேயென்று நான் நினைக்கிறேன். மொரிஸ் கம்பெனியின் முதலாளியான நஃபீல்ட் பிரபு இதைப் பார்த்துவிட்டு, ஓடு நீக்கி நீரில் அவித்த முட்டைபோல இருக்கிறதென்று முகம் சுளித்தாராம். அந்த முட்டைதான் பத்து இலட்சத்தை எட்டிய முதற் பிரித்தானியக் கார்.

பொனற் வளைவு என்பதால் எதிரிலுள்ள எல்லாவற்றையும் அது காட்டிக் கொடுக்கும். வெளிர் நிறச் சட்டை அணிந்து போனால் காரின் நெற்றியில் உங்கள் உருவம் வெள்ளைப் புள்ளியாக விழும் என்பதால் கறுப்போ கடும் நீலமோ அணிவது நல்லது. போலரைசர் பில்டர் பெயின்றிலும் கண்ணாடியிலும் விழும் பிரதிபலிப்பைத் தணிக்குமே தவிர, பம்பரின் குரோமியப் பூச்சில் அதற்கு வேலையில்லை. அகலக்கோண லென்ஸோடு கிட்ட நெருங்கினால் மைனரின் உருண்டை மட்கார்டுகள் வீங்கிவிடும். 85 மிமீ அளவில் முப்பது நாற்பது அடி பின்னால் நின்று எடுத்தால்தான் கார் தன் அளவில் இருக்கும். முன்சக்கரத்தின் டயர்த் தடம் தெரியாமல் வட்டமுகம் தெரியும்படி ஸ்டியரிங்கைத் திருப்பி வைக்கச் சொல்லவும் வேண்டும். ஆனால் இவை எவற்றையும் நான் கேட்கவேண்டி வரவில்லை. நான் கமராவைத் தூக்கும் பக்கத்தைப் பார்த்தே ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்பிவிட்டார்.

அந்த ஓட்டுநருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். இளமையில் ஹட்டன் பக்கம் ஹயர், அதாவது வாடகைக் கார், ஓட்டியவர். காரைக் கிளப்புவதை அவர் ஒரு பூசையைப் போலவே செய்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இயங்காது. பொனற்றின் உள்ளே பெற்றோல் பம்ப் ‘டிக், டிக், டிக்’ என்று அடிக்கத் தொடங்கும். பெற்றோல் நிறைந்து அந்தச் சத்தம் அடங்கும்வரை அவர் சும்மா இருந்தார். பிறகு சோக்கை இழுத்தார். பிறகு ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் கார் உயிர்பெற்றது. எங்கள் கூட வந்த அவர்களுடைய படப்பிடிப்பாளர், இந்த நேரத்தில் வண்டியிலிருந்து இறக்கிய சாமான்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அந்தச் சாமான்களைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

தோற்பெட்டி ஒன்று. காக்கித் தொப்பி ஒன்று. வாயில் வைத்துக்கொள்ளப் புகைக்குழாய் ஒன்று. பிரம்புக் கூடைகள் இரண்டு. இவற்றோடு, காரின் இலக்கத் தகட்டை மறைத்து முன் பம்பரில் கம்பியால் கட்டிவைத்த மரப்பலகை ஒன்று. அதில் வெள்ளை எழுத்தில் ‘சிலோன் 1948’.

அந்தப் பலகையைப் பார்த்ததும் எனக்குள் இருந்த வாத்தியார் முதலில் விழித்துக்கொண்டார். 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் வெளிவந்த மைனருக்கு, முன்கண்ணாடி நடுவில் பிளவுபட்டு இரண்டு துண்டாக இருந்தது. முன்விளக்குகள் மட்கார்டில் இல்லாமல் கீழே கிறில்லின் இருபுறமும் பதிந்திருந்தன. ஒரே துண்டாக வளைந்த கண்ணாடி 1956இல்தான் வந்தது. ஆகவே இந்தக் காரின் முகத்தில் 1948 என்று எழுதுவது, பேத்தியின் கழுத்தில் பாட்டியின் பிறந்த திகதியைத் தொங்கவிடுவது போன்றது. இதைப் படப்பிடிப்பாளரிடம் சொன்னேன். அவர் மரியாதையாகச் சிரித்துவிட்டு, சுதந்திரம் கிடைத்த வருடம் என்பதால் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விரும்புகிறார்கள் என்றார்.

கார் பற்றிய பிழையை மன்னித்துவிடலாம். மற்றது இருக்கிறதே. மைனர் வெளிவந்த அடுத்த மாதம், 1948 நவம்பரில், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சாலையின் இருபுறத்திலும் தேயிலை நட்டவர்களின் பிள்ளைகளை ஒரே சட்டத்தில் நாடற்றவர்களாக்கிய வருடம் அது. கடைசி ஆட்களுக்கும் பிரஜாவுரிமை வழங்குவதற்கான சட்டம் வர 2003 வரை ஆனது. என் அம்மா அந்தச் சட்டத்துக்குப் பிறகு பிறந்தவர். நடுத்தர வயது தாண்டித்தான் அவருக்கு அடையாள அட்டை கிடைத்தது. அந்த ஆண்டை அழகான எழுத்தில் பலகையில் எழுதி, அதன் முன்னால் அவரை நிறுத்தி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பலகை எழுதியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமென்று நான் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் நுவரெலியா மாவட்டத்தில் தொழில் செய்யும் ஒரு சேவைக்கு, தன் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் அந்த ஆண்டை வேறு விதமாக வாசிப்பார்கள் என்ற நினைப்பாவது இருக்கலாம்.

ஓட்டுநரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“அண்ணே, இந்தப் பலகையக் கழட்ட முடியுமா?”

“கட்டினதே நாந்தான் சேர். ஒரு குறடு போதும்,” என்று சொல்லி, ஒரு நிமிடத்தில் கம்பியை அறுத்துப் பலகையை டிக்கியில் போட்டுவிட்டார்.

பலகைக்குக் கீழே இருந்ததுதான் உண்மையான பொக்கிஷம். கறுப்புத் தகட்டில் கையால் எழுதிய வெள்ளை இலக்கமும் நடுவில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தும். 1950களின் பிற்பகுதியில் வாகன இலக்கங்களில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக இந்த எழுத்து வந்தபோது, வடக்கிலும் கிழக்கிலும் அதன்மேல் தார் பூசித் தமிழ் ‘ஸ்ரீ’யை எழுதிக்கொண்டு கார் ஓட்டிய போராட்டம் நடந்தது, 1958இல் அதன் சூடு மலையகத்திலும் பரவியது. இந்த நாட்டில் ஒரு காரின் இலக்கத் தகடு வெறும் தகடல்ல என்று காட்ட இதைவிட வேறு படம் வேண்டியதில்லை. நான் தரையில் கம்பளியை விரித்துப் படுத்து, அந்தத் தகட்டையும் அதற்கு மேலே எஞ்சினைக் கையால் சுழற்றிக் கிளப்பும் இரும்புப் பிடிக்கான துவாரத்தையும் ஒரே படத்தில் எடுத்தேன். தகட்டின் மூலையில் துரு ஓடியிருக்கிறது. அதைத் தேய்க்க வேண்டாமென்று ஓட்டுநரைக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்தது கூடை. ஏரிக்கரைக்கு அப்பால் தேயிலை தெரியும் ஓரிடத்தில், கொழுந்துப் பெண்கள்போல உடுத்திய இரண்டு இளம் பெண்கள் காத்திருந்தார்கள். கார் பின்னணியில் வர, அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்வது இந்தச் சேவையின் ஓர் அங்கம். பெண்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அவர்களுடைய அன்றைய கூலி. அம்மா அவர்களில் ஒருத்தியைக் கிட்டக் கூப்பிட்டு, கூடையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இதுல கொழுந்து போட்டா அடி வழியாப் போயிரும் புள்ள. கயிறும் இப்புடி நெத்தியில வந்தா மத்தியானத்துக்குள்ள தலைவலி வந்துரும்,” என்று சொல்லி, கயிற்றை உச்சித் தலைக்கு ஏற்றி, கீழே துணியை மடித்து வைத்துக் கட்டிவிட்டார். அவர்களுடைய படப்பிடிப்பாளர் அந்த நேரத்தில் அம்மா விலகுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். அம்மாவின் கைகள் அந்தக் கயிற்றைக் கட்டும் படத்தை நான்தான் எடுத்தேன். பின்னால் மங்கலாகத் தெரியும் உருண்டைச் சாம்பல் உருவம் மொரிஸ் மைனர் என்று யாருக்கும் தெரியும்.

தொப்பியையும் புகைக்குழாயையும் என் மைத்துனர் ஒரு முறை போட்டுப் பார்த்தார். கண்டக்டர் வேடமிட்ட நாடக நடிகரைப்போல இருந்தார். அதோடு விட்டுவிட்டோம்.

இந்தத் தொப்பி ஜோடனை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் வெள்ளைக்காரத் துரைமீதுள்ள கோபம் மட்டுமல்ல. அது காரைப் பற்றிய பொய்யும்கூட. எங்கள் தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரை லேண்ட்ரோவரில் போனார். மொரிஸ் மைனர் வைத்திருந்தவர் தோட்டத்து ‘டாக்டர் ஐயா’. அதாவது மருந்து காம்பரா என்ற தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். நகரத்தில் புடவைக் கடை முதலாளி ஒருவரிடமும், பாடசாலை அதிபர் ஒருவரிடமும் இருந்தன. ஹயர் காரர்களிடம் ஒஸ்டின் ஏ-40கள் நின்றன. 1970களில் இறக்குமதி அடைபட்டிருந்த காலத்தில் இந்தக் கார்களை ஓட்டியவர்கள், உதிரிப்பாகம் கிடைக்காமல், லேத் பட்டறையில் கடைந்தும் ஈயம் ஊற்றி அடைத்தும் அவற்றைக் காப்பாற்றினார்கள். 1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்து குவிந்தபோதும் அவை ஒரேயடியாகச் சாகவில்லை. 1990களில் தென்னிலங்கையில் மைனரின் வெளித்தகடுகளைச் செய்து, கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யும் அளவுக்கு நம்மவர்களுக்குக் கை படிந்திருந்தது. 2020இல் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு 2025வரை அடைபட்டுக் கிடந்த காலத்தில், வீட்டு முற்றத்தில் தார்ப்பாயால் மூடிக்கிடந்த மைனர்களைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இந்த நாட்டில் மைனர் ஓர் அடையாளமாக நிலைத்ததற்கு மெக்கானிக்கின் கறுத்த விரல்களே முதற்காரணம் என்பேன். படம் எடுக்கப் போகிறவர் அந்த விரல்களைத் தேட வேண்டும்.

டாக்டர் ஐயாவின் காரில் நான் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறேன். ஒன்பது வயதில், தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிட்ட கவ்வாத்து மலையில் விழுந்து கை முறிந்தபோது, லிந்துலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மைனரின் வேகமானி ஓட்டுநருக்கு முன்னால் இல்லாமல் டாஷ்போர்டின் நட்டநடுவில் இருக்கும். பின் ஆசனத்தில் கிடந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. முள் 20 மைலைத் தாண்டவேயில்லை. இந்த வாடகைக் காரின் பின் ஆசனத்தில் இருந்து அதே வட்டத்தைப் பார்த்தபோது, கமராவை என் மார்புயரத்துக்கு, அதாவது ஒரு சிறுவனின் கண்ணுயரத்துக்கு இறக்கி எடுக்க வேண்டுமென்று தோன்றியது. அந்தக் கோணத்தில் ஓட்டுநரின் தோளும் வேகமானியும் கண்ணாடிக்கு வெளியே கொஞ்சம் மூடுபனியும் மட்டும் வந்தன. அம்மா பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, “இந்தக் காரு லயத்துப் பக்கம் வந்தா ரெண்டே காரணந்தான். ஒண்ணு புள்ளப்பேறு, இல்லாட்டி பெரிய காரியம்,” என்றார். லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பெரிய காரியம் என்பது சாவு. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினார்.

படப்பிடிப்புக்கு அவர்கள் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கும் இடங்கள் நான்கு: 1894இல் கட்டிய செங்கல் தபாலகம், கிரெகரி ஏரி, குதிரைப் பந்தயத் திடல், ஒரு பழைய ஹோட்டலின் முகப்பு. தபாலகத்தின் முன் நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் பின்னாலிருக்கும் பஸ் ஹோர்ன் அடிக்கிறது; ஏரிக்கரையில் குதிரைக்காரர்களும் சோளக் கடைகளும் படத்துக்குள் வந்துவிடுகின்றன. இந்த இடங்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிடாதீர்கள். ஓட்டுநரிடம் சொன்னால் நானுஓயா இறக்கத்துக்கும், அங்கிருந்து ரதல்லை, லிந்துலைப் பக்கமும் கொண்டுபோகிறார். அதற்கு மேலதிகக் கட்டணம் இல்லை. தோட்டத்து உள்வீதிகளில் இறங்கிப் படம் எடுப்பதானால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பிரதான வீதியோரத்தில் யாரும் கேட்பதில்லை.

நானுஓயா ரயில் நிலையத்தின் முற்றத்தில் பத்து நிமிடம் நின்றோம். தோற்பெட்டியைக் காரின் கூரையில் வைத்து எடுக்கலாம் என்று அவர்களுடைய படப்பிடிப்பாளர் சொன்னார். இந்தியாவுடனான 1964 உடன்படிக்கைக்குப் பிறகு, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கப்பலேறுவதற்காக இந்த மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு ரயிலேறியவர்கள் கொண்டுபோனது தகரப் பெட்டியும் பாத்திர மூட்டையும்தான். பெட்டியில்லாமல் எடுத்தோம்.

மூடுபனியைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் ரதல்லைக்கு மேலே இருந்தபோது கிரேட் வெஸ்டர்ன் மலையை மறைத்துக்கொண்டு பனி இறங்கியது. சாம்பல் நிறக் கார் பனியில் கரைந்துபோகும் என்பதையும், கமரா பனியைச் சாம்பலாகக் கணித்துப் படத்தை இருட்டாக்கும் என்பதால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைக்க வேண்டும் என்பதையும் நான் அறிவேன். நான் எதிர்பாராதது முன்விளக்கு. ஏற்றச் சொன்னேன், ஏற்றினார், விளக்குகள் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைப்போலச் சோர்ந்து மஞ்சளாக எரிந்தன. இந்தக் கார்களில் மின்சாரம் தருவது பழைய டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது. “கொஞ்சம் இருங்க சேர்,” என்று ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் சத்தம் ஏற ஏற விளக்குகள் மஞ்சளிலிருந்து வெண்மைக்கு ஏறின. அவர் காலை எடுத்தால் கார் கண்ணை மூடுவதுபோல மங்கியது. அந்த ஏற்ற இறக்கத்தை ஐந்து படங்களாக எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைய நாளின் 45,000 ரூபாவும் எனக்கு அந்த ஐந்து படங்களிலேயே திரும்பி வந்துவிட்டது.

திரும்பி ஏறும்போது எஞ்சின் இருமத் தொடங்கியது. ஓட்டுநர் பதறாமல் ஓரம் கட்டி, பொனற்றைத் திறந்து, காபரேட்டரின் தலையிலுள்ள பித்தளை மூடியைத் திருகி எடுத்து, அதற்குள் சின்னப் போத்தலிலிருந்து சில துளி எஞ்சின் ஒயில் விட்டார். மூடியின் உட்புறத்தில் தொங்கும் மெல்லிய தண்டைச் சாரத்தின் நுனியால் துடைத்து மறுபடி பூட்டினார். அப்படியே முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து, நேற்றுக் கிரீஸ் அடித்தது போதுமானதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மைனரில் முன்சக்கரத்தைத் தாங்கும் மூட்டுக்குக் கிரீஸ் வற்றினால், ஒரு நாள் திடீரென்று சக்கரம் மடிந்து கார் முழங்காலிட்டுவிடும். நுவரெலியா ஏற்ற இறக்கத்தில் அது விளையாட்டல்ல. இந்த ஏழு நிமிடமும் அவர்களுடைய படப்பிடிப்பாளர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைத் திறமையற்றவர் என்று சொல்ல மாட்டேன். ரதல்லை வளைவில் கார் திரும்பும்போது, செக்கனில் முப்பதில் ஒரு பங்கு வேகத்தில் கமராவைக் காரோடு சேர்த்து நகர்த்தி அவர் எடுத்த படத்தில், கார் கூர்மையாகவும் தேயிலை பச்சைக் கோடுகளாகவும் வந்திருக்கின்றன. எனக்கு அது கைவரவில்லை. ஆனால் அல்பம் கையில் கிடைத்தபோது (பத்து நாள் என்றார்கள், மூன்று வாரம் ஆனது) மனம் சலித்துவிட்டது. தேயிலையின் பச்சையைப் பிளாஸ்டிக் பச்சையாக்கியிருக்கிறார்கள். மின்கம்பிகளையும் லயத்தின் தகரக் கூரைகளையும் அழித்திருக்கிறார்கள். இலக்கத் தகட்டைத் துடைத்துக் கறுப்பாக விட்டிருக்கிறார்கள். நான் பலகையைக் கழற்றியிராவிட்டால் அங்கே 1948 இருந்திருக்கும், கழற்றியதால் அங்கே ஒன்றுமில்லை. நாற்பது படங்களில் ஒன்றிலேனும் ஓட்டுநர் இல்லை. ஓடும் காரின் படங்களில்கூட முன்கண்ணாடியில் வானத்தின் பிரதிபலிப்பை ஏற்றி அவர் முகத்தை மறைத்திருந்தார்கள். தானாக ஓடும் மொரிஸ் மைனரை நான் அன்றுதான் பார்த்தேன். திருத்தாத மூலப் படங்களைக் கேட்டதற்கு மேலும் 5,000 ரூபா கேட்டார்கள். இரண்டு முறை தொலைபேசியில் பேசிய பிறகு பணம் வாங்காமலே கொடுத்தார்கள். அதற்கு நன்றி.

அச்சின் தரத்தில் குறையில்லை. தாள் தடிப்பானது, கட்டும் உறுதியானது.

போக நினைப்பவர்களுக்கு: 28,000 ரூபா வகையை மட்டும் எடுங்கள், கமராவோ நல்ல கைத்தொலைபேசியோ நீங்களே கொண்டு போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலை வேளைதான் நம்பத்தக்கது. மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை தலவாக்கலைப் பக்கத்தை நனைத்துக்கொண்டேயிருக்கும். ஏப்ரலில், 1934 முதல் நடந்துவரும் மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார் ஓட்டமும் வசந்தகாலக் கூட்டமும் சேர்ந்து, காரை நிறுத்த ஓர் அடி இடமிருக்காது. காலை 6.30க்குக் காரை வரச் சொன்னால் 7.00க்கு வருகிறது, குளிரில் எஞ்சின் சூடாக நேரம் வேண்டும் என்பதால் இதைக் குறையாக நான் எழுதவில்லை. பின் ஆசனத்தில் இருவர் தாராளமாக இருக்கலாம், மூவர் என்றால் உறவினராக இருக்க வேண்டும். கதவை ஓங்கிச் சாத்தாதீர்கள். ஓட்டுநர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் முகம் வாடிவிடும்.

ஓட்டுநருக்கு ஒரு படத்தை அச்சிட்டுக் கொடுக்க விரும்பி, அவருக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித் தொலைபேசியில் ஏழெட்டை அனுப்பினேன். பனியில் விளக்கெரியும் படத்தைத்தான் கேட்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்டது, காபரேட்டருக்கு ஒயில் விடும் படத்தை; அதிலும் தன் முகம் தெரியாத, கை மட்டும் தெரியும் ஒன்றை. வீட்டில் மாட்டுவதற்கல்லவாம், தன்னிடம் வேலை பழகும் பையனுக்குக் காட்டுவதற்காம்.

அடுத்த பெப்ரவரிக்கும் பதிவு செய்துவிட்டேன். இம்முறை மரப்பலகையைக் கொண்டுவரவே வேண்டாம் என்று தொலைபேசியில் அழுத்திச் சொன்னேன். மறுமுனையில் பதிவு எழுதிக்கொண்டிருந்த பெண் பிள்ளை சற்று யோசித்துவிட்டு, “சரி சேர். அப்ப எந்த வருஷம் எழுதின பலகை வேணும்?” என்று கேட்டார்.